நான் வரட்டே?

“என்னுடைய கதிரையை ஏன் நகர்த்தினாய், தீனா?” என்று வீட்டு எசமானி சிஞ்ஞோரா நின்ஃபா தொலைபேசியில் கேட்டபோது அகஸ்ரீனாவுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். பயம் வருவதற்குச் சற்று நேரம் எடுத்தது.

கதிரையை அவள் நகர்த்தியது உண்மை. தனக்கென்று காய்ச்சிய சோற்றைக் குசினியில் நின்றபடியே சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேற்பறைக்குள் வந்தபோது வீடு முழுவதும் அனலாக இருந்தது. ஜூன் மாதத் தொடக்கம். ஆபிரிக்கப் பக்கமிருந்து கடலைத் தாண்டி வருகிற ஷிரோக்கோ காற்று, சாத்தியிருந்த மர ஜன்னல்களின் இடுக்குகளால் செந்தூசியை ஊதிக்கொண்டிருந்தது. பச்சை வெல்வெட் போட்ட அந்தப் பெரிய கதிரையைப் பால்கனிக் கதவருகே இழுத்துவைத்து, காலை மடக்கி அதில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. சிஞ்ஞோராவும் அவருடைய கணவரும் கடலுக்கு அப்பால், துனிசியாவில், ஒரு ஹோட்டலில் இருந்தார்கள்.

“காற்றுக்காகத்தான், சிஞ்ஞோரா. மன்னியுங்கள். உடனே திருப்பி வைக்கிறேன்” என்றாள் தன் உடைந்த இத்தாலிய மொழியில்.

“பரவாயில்லை, உட்காரு, உட்காரு. அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.”

“யார் சொன்னது, சிஞ்ஞோரா?”

“எங்களோடு இருக்கிற பெண்தான். கப்பலில் சந்தித்தோம். மேல்தட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள், பாவம். எங்கள் மேசைக்குக் கூப்பிட்டோம். அன்றிலிருந்து எங்களோடுதான் சாப்பிடுகிறாள்.” சிஞ்ஞோரா கொஞ்சம் தணிந்த குரலில் தொடர்ந்தார். “நீ துறைமுகத்தில் நின்று கையசைத்தாய் அல்லவா? தனக்குத்தான் கையசைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டாளாம்.”

தொலைபேசியை வைத்த பிறகு அகஸ்ரீனா ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பார்த்தாள். எல்லாம் சாத்தியே இருந்தன. எதிர்வீட்டு ஜன்னல்களும் சாத்தியிருந்தன. அந்த நேரத்தில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரம் முழுவதும் உறங்கும். காலையில் வுச்சீரியாச் சந்தையிலிருந்து மீன்காரர்களின் கூவல் நான்காம் மாடிவரை ஏறி வரும். மதியம் திரும்பியதும் கடைகளை மூடி, கற்தெருவைத் தண்ணீரடித்துக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு ஈரக் கல்லின் வாடையும் எங்கேயோ ஆடுகிற ஒரு தகரத்தின் சத்தமும் மட்டும் மிஞ்சும்.

சிஞ்ஞோர் கலோஜெரோ ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சிஞ்ஞோரா பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகள் இல்லை. சிஞ்ஞோர் பிறந்தது துனிஸ் நகரத் துறைமுகப் பகுதியான லா குலெத்தில். அந்தக் காலத்தில் சிசிலிக்காரர் ஏராளமானோர் அங்கே குடியிருந்தார்களாம். சிறு வயதில் அங்கிருந்து வந்தவர் பிறகு திரும்பிப் போகவே இல்லை. “ஓய்வு பெற்றதும் போவோம்” என்று மனைவிக்குச் சொல்லிச் சொல்லி, ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால் வலி, மழை, வெயில் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் இந்தத் தொண்ணூற்று நான்காம் வருடம் இருவரும் புதுத் தொப்பி வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள். கைப்பையைத் தூக்கிக்கொண்டு அகஸ்ரீனாவும் துறைமுகம்வரை போனாள். கப்பல் திரும்பி அவர்களுடைய தொப்பிகள் மறையும்வரை நின்று கையசைத்தாள்.

அதன் பிறகுதான் தெரிந்தது, எவ்வளவு காலமாக அந்த இரண்டு பேருடைய சத்தத்தில் அவள் வாழ்ந்திருக்கிறாள் என்பது. காலையில் சிஞ்ஞோரின் இருமல். மரத்தளத்தில் சிஞ்ஞோராவின் செருப்பு இழுபடும் ஓசை. அவர்கள் அவளோடு அதிகம் கதைத்ததில்லை; சாப்பாட்டையும் துணியையும் பற்றி மட்டும்தான். அவளுடைய பெயரும் அவர்களுடைய வாயில் நுழையவில்லை. முதல் நாளே அதைத் தீனா என்று வெட்டிவிட்டார்கள். ஆனாலும் அவை மனிதச் சத்தங்கள். இப்போது அவற்றின் இடத்தில் குளிர்ப்பெட்டியின் உறுமலும், நடுச்சுவருக்குள் தண்ணீர்க்குழாய் விக்கும் ஒலியும், பூச்சி உருண்டை மணக்கும் நீண்ட நடையும் மட்டும் இருந்தன.

அவளுடைய ஊர் இலங்கையில், மன்னாரில் பேசாலை. கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் பலெர்மோ வந்து சேர்ந்த வருடமே தாய், மடு அகதி முகாமில் காய்ச்சலில் போய்விட்டாள்; செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்த வீட்டுத் தொலைபேசி அவளுக்காக ஒருநாளும் அடித்ததில்லை. அதனால்தான், பிற்பகலில் சிஞ்ஞோரா அழைப்பு எடுக்கத் தொடங்கியபோது, மணி அடிக்குமுன்பே அவள் நடையில் வந்து நிற்கப் பழகியிருந்தாள்.

மறுநாள் அவள் கதிரையில் உட்காரவில்லை. அதைப் பழைய இடத்தில் வைத்து, வெல்வெட்டில் தன் உடம்பு பதிந்த தடத்தைக் கையால் தடவி அழித்துவிட்டு, நடையில், எந்த ஜன்னலும் இல்லாத இடத்தில், தொலைபேசி வைத்திருந்த பளிங்குப் பலகைக்குக் கீழே சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். விளக்குப் போடவில்லை. மணி அடித்தது.

“நிலத்தில் ஏன் இருக்கிறாய், தீனா?” என்றார் சிஞ்ஞோரா. “உன் முதுகு வலிக்குமே என்று அவள் கவலைப்படுகிறாள்.”

அகஸ்ரீனா சட்டென்று எழும்பி நின்றாள். “அவ எப்படி… அவருக்கு எப்படித் தெரியும், சிஞ்ஞோரா?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாம் சொல்கிறாள். நல்ல பிள்ளை. எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும்.” சிஞ்ஞோரா கொட்டாவி விட்டார். அவர் கொட்டாவி விட்டு அகஸ்ரீனா கேட்டதே இல்லை; அந்த நேரத்தில்கூட நிமிர்ந்து உட்கார்ந்து தைக்கிற மனுஷி. “பார், இன்னும் அவளுடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.”

அன்று பின்னேரம் அகஸ்ரீனா குளிக்கப் போனபோது உடுப்பைக் கழற்றாமல் வெறுமனே நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, நகரின் கபோப் பகுதியிலுள்ள தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருக்க, எமிலியானா அவளுடைய கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப் போனாள். எமிலியானாவும் பேசாலைதான், இங்கே ஒரு டொக்டர் வீட்டில் பிள்ளை பார்க்கிறாள்.

“உன்ரை முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு? நித்திரை கொள்ளுறேல்லையோ?”

“கொள்ளுறன்.” பிறகு சொன்னாள்: “எமிலி, என்னை ஆரோ பாக்கினம்.”

“ஆர்?”

“துனிசியாவிலை இருந்து.”

எமிலியானா சிரித்தாள். அகஸ்ரீனா எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் சிரித்தாள். “உன்ரை சிஞ்ஞோரா கீழை காவலுக்கு இருக்கிற மனிசியிட்டைச் சொல்லி வைச்சிட்டுப் போயிருப்பா. அவள் எங்கையோ நிண்டு பாத்துப்போட்டுச் சொல்லுறாள். உவையளை எனக்குத் தெரியாதே?”

“கதவெல்லாம் சாத்தித்தான் கிடந்தது. இருட்டுக்கை நான் நிலத்திலை இருந்ததை ஆர் பாக்கிறது?”

எமிலியானா அவளுடைய கையை விடவில்லை. “எங்களோடை வந்து நில்லு” என்றாள். “ஒரு அறைதான், நெருக்கம்தான். ஆனாச் சனம் இருக்கு.”

“சிஞ்ஞோரா ரெலிபோன் எடுப்பா. நான் இல்லாட்டிப் பயந்து போவா.”

அது முழு உண்மை இல்லை என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. நாளுக்கு ஒருமுறை, அந்த வீட்டில், ஒரு மணி அவளுக்காக அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

“அப்ப மணி அடிச்சா எடாதை” என்றாள் எமிலியானா. “அடிச்சுப்போட்டு நிக்கட்டும்.”

திங்கட்கிழமை மணி அடித்தபோது அவள் குசினியில், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி நடையின் நீளம் முழுவதும் உருண்டு வந்து சுவரில் மோதியது. நின்றது. மீண்டும் அடித்தது. பொறுமையாக, கோபமில்லாமல், உள்ளே ஆள் இருப்பது தெரிந்த ஒருவர் கதவைத் தட்டுவதுபோல நெடுநேரம் அடித்து, பிறகு ஓய்ந்தது.

அடுத்த நாள் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அந்த நாட்களில் வீடு பெருத்துப்போனது. காலையில் சந்தைக்குப் போய் வெந்தயக்கீரை போன்ற ஒரு கீரையை வாங்கிக்கொண்டு வந்தாள், கடைக்காரன் “நன்றி” என்றான். அன்று முழுவதும் அவள் காதில் விழுந்த ஒரே சொல் அதுதான். பின்னேரமானால் கால்கள் தாமாகவே நடைக்குப் போயின. ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அந்த நீண்ட ஒற்றை ஒலியைக் கேட்டபடி நின்றாள். பயந்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டாள். யாராவது பார்த்தால் என்ன? முதுகு வலிக்குமே என்று ஒரு ஆள் கவலைப்பட்டால் அதில் என்ன பிழை?

அடுத்தமுறை மணி அடித்தபோது ஓடிப்போய் எடுத்தாள்.

“தீனா.”

சிஞ்ஞோர் கலோஜெரோ. வீட்டில் இருக்கும்போது தொலைபேசியைத் தொடாத மனிதர்.

“சிஞ்ஞோர்! சிஞ்ஞோரா எங்கே?”

“தூங்குகிறாள்.”

“சுகமில்லையா?”

“நல்ல சுகம். நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம்.” ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “இப்போது கடலுக்குப் போவதில்லை. கதவைச் சாத்திவிட்டு இருக்கிறோம். அவள் நடுவில் இருக்கிறாள்.”

“சாப்பிட்டீர்களா?”

அவர் நெடுநேரம் யோசித்தார். “இல்லை. பசிக்கவில்லை.”

“எப்போது முதல், சிஞ்ஞோர்?”

“என் வயதுதான் இவளுக்கும், தெரியுமா? லா குலெத்தில் எங்கள் தெருவில் விளையாடிய பிள்ளை. என்னை எவ்வளவு காலம் தேடியிருக்கிறாள்.” அவருடைய மூச்சு ரிசீவரில் உரசியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. “களைப்பாக இருக்கிறது, தீனா. அவளுக்கு எங்கள் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.”

மகள் வயது என்றல்லவா சிஞ்ஞோரா சொன்னார்?

“வீட்டுக்கு வாருங்கள், சிஞ்ஞோர். தயவுசெய்து இரண்டு பேரும் வாருங்கள்.”

“வரலாம். ஆனால் வீட்டில் நீ இருக்கிறாய். உன்னைக் கேட்காமல் இவள் வர மாட்டாளாம். கொடுக்கிறேன்.”

“வேண்டாம்…”

கை மாறும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. கடலின் அடியில் கிடக்கும் கம்பியின் நீளம் முழுவதும் ஒன்றுமில்லை.

“அகஸ்ரீனா.”

பலெர்மோவில் எந்த வெள்ளைக்காரரும் அந்தப் பெயரை அப்படிச் சொன்னதில்லை. மூன்றாம் எழுத்தில் கொஞ்சம் நின்று, ஊரில் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுவதுபோல.

“தனியவோ இருக்கிறாய், பிள்ளை?”

தமிழ். மன்னார்க் கடற்கரைத் தமிழ். அகஸ்ரீனா தனக்குத் தெரிந்த குரல்களையெல்லாம் நினைவில் புரட்டினாள். அம்மா இல்லை. மாமி இல்லை. செத்தவர்களிலும் இல்லை, இருப்பவர்களிலும் இல்லை. கிழமா இளமையா என்றும் சொல்ல முடியாத குரல். ஆனால் அதில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

“ஓம்” என்றாள்.

“கன காலமோ?”

“ஓம்.”

“ஒருத்தரும் உன்னோடை கதைக்கிறேல்லை, என்ன?”

கண்ணீர் கன்னத்தால் இறங்கி ரிசீவரில் பட்டது. “இல்லை. ஒருத்தரும் இல்லை.”

“எனக்குத் தெரியும். அந்தச் சின்ன அறைக்கை படுத்துக்கொண்டு சுவரைப் பாத்துக் கதைக்கிறனீ. நான் கேட்டனான். சரி பிள்ளை. அப்ப நான் வரட்டே?”

“ஓம், வாங்கோ” என்றாள் அகஸ்ரீனா.

ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வந்த ஆள் எழும்பி, சேலையை உதறிக்கொண்டு, “அப்ப நான் வரட்டே?” என்று கேட்கும், போகப்போகிறேன் என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்காரர் “ஓம், வாங்கோ” என்பார்கள். போய் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். கதைக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் வாய் சொல்லிப் பழகிய பதில்.

ஆனால் தொடர்பு துண்டிக்கப்படவில்லை. மறுபக்கத்தில் ஒரு மூச்சு, மிக நீண்ட காலம் அடக்கி வைத்திருந்ததுபோல, மெல்ல மெல்ல வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் ‘டக்’ என்ற ஒலி.

ரிசீவரைக் கையில் வைத்தபடி நின்றாள். குளிர்ப்பெட்டி உறுமியது, அடங்கியது. அப்போதுதான் உறைத்தது. அது விடைபெறவில்லை. வருவதற்கு அனுமதி கேட்டது.

கைக்கு அகப்பட்ட உடுப்பை ஒரு பையில் அமுக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியால் இறங்கி, கபோ வரைக்கும் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

எமிலியானாவின் கணவன் இராஜநாயகம் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மன்டரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, முழங்கால்வரை சேறோடு அப்போதுதான் வந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். சிரிக்கவில்லை.

“ஹோட்டல் நம்பர் இருக்கோ?”

இருந்தது, சிஞ்ஞோரா போகும்போது கொடுத்தது. மறுநாள் காலை மூவரும் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இராஜநாயகம்தான் கதைத்தான். அவனுக்கு இத்தாலியன் நன்றாக வரும். கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டு, ரிசீவரை வைத்தான்.

“காலமையே வெளிக்கிட்டிட்டினமாம். மூண்டு பேரும். அந்த மனிசி நடுவிலை நிண்டு ரெண்டு பேரையும் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவவாம். நாளைக்கு மத்தியானம் கப்பல் இஞ்சை வந்திடும்.”

“மூண்டு பேரோ?” என்றாள் அகஸ்ரீனா.

“ஓம். ஹோட்டல்காரன் தன்ரை கண்ணாலை கண்டிருக்கிறான். ஆள்தான், பேயில்லை. பேயெண்டா ரிக்கெற் எடுத்துக் கப்பலிலை வருமே?”

“அப்ப தமிழ்?”

“மன்னாரிலை எத்தினை வெள்ளைச் சிஸ்ரர்மார் மடங்களிலை இருந்தவை? எங்களைவிட நல்லாத் தமிழ் கதைப்பினம். ஆரும் அப்பிடி ஓராளாய் இருக்கும். தனிச்ச மனிசி, பாவம், உன்னோடை கதைக்க ஆசைப்பட்டிருக்கு.”

எமிலியானா சிரித்தாள். அகஸ்ரீனாவும் சிரித்தாள். வெயிலில், சந்தை இரைச்சலில், மூன்று தமிழர் ஒரு கூண்டுக்குள் நின்று சிரிப்பதைத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிரவு எமிலியானாவின் பிள்ளைகளுக்கு நடுவில், ஒருவருடைய முழங்கை விலாவில் இடிக்க, அவள் அடித்துப்போட்டதுபோல் உறங்கினாள்.

மறுநாள் வீட்டுக்குத் திரும்பினாள். கதவைத் திறந்தபோது எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. அவளுக்கு ஒரு உற்சாகம்கூட வந்தது. ஜன்னல்களைத் திறந்து செந்தூசியைத் துடைத்தாள். சிஞ்ஞோராவின் கட்டிலுக்குப் புதுவிரிப்பு. சிஞ்ஞோருக்குப் பிடித்த மத்தி மீன் போட்ட பாஸ்தா. காட்டுப் பெருஞ்சீரகத் தழையின் வாசம் வீடெல்லாம் பரவியது. மேசையில் மூன்று கோப்பைகளில் பாஸ்தாவைப் போட்டு வைத்தாள். விருந்தாளிக்கு நல்ல முள்ளுக்கரண்டி.

மதியம் திரும்பியது. தெரு ஓய்ந்தது. காற்று மீண்டும் கிளம்பி ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தியது. அவள் போய்க் கொளுக்கி போட்டாள். துறைமுகப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் ஒன்று நீளமாக வந்தது.

பிறகு கீழே லிஃப்டின் இரும்புக் கதவு. கம்பிகள் முறுகும் ஓசை. முதலாம் மாடி. இரண்டாம் மாடி. அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்தாள்.

அவர்கள்தான். அதே புதுத் தொப்பிகள். தொப்பிகளுக்குக் கீழே முகங்கள் சிறுத்துப்போயிருந்தன; கழுத்துப்பட்டிக்குள் சிஞ்ஞோரின் கழுத்து தனியாக ஆடியது. லிஃப்டிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் எட்டி நின்றபடியே இறங்கினார்கள். நடுவில் ஓர் ஆளுக்கான இடைவெளி. சிஞ்ஞோராவின் இடது கை அந்த இடைவெளியில் நீண்டிருந்தது. சிஞ்ஞோரின் வலது கையும். இரண்டு கைகளிலும் விரல்கள் மடங்கி, எதையோ பற்றியிருந்தன. விரல்நுனிகள் வெளுத்திருந்தன.

“சிஞ்ஞோரா” என்றாள் அகஸ்ரீனா. “அவர் எங்கே?”

இருவரும் வாசலில் விலகி நின்றார்கள். கதவின் இரு பக்கமும், விருந்தாளியை முதலில் உள்ளே விடுபவர்களைப்போல. சிஞ்ஞோர் தொப்பியைக் கழற்றினார்.

வெறும் படிக்கட்டு. வெறும் லிஃப்ட்.

முதலில் சிஞ்ஞோராவின் விரல்கள் விரிந்தன. பிறகு சிஞ்ஞோருடையவை. இரண்டு கைகளும் செத்த மீன்போலப் பக்கத்தில் விழுந்தன. இருவருடைய கண்களும் ஒன்றாக நகர்ந்தன. வாசலைத் தாண்டி. அகஸ்ரீனாவின் தோளைத் தாண்டி. நடையில், மெதுவாக, குசினிப் பக்கம்.

குசினிக்கு அப்பால் இருப்பது ஒரே ஒரு அறை. அவளுடையது.

அதன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“மம்மா மியா, என்ன பசி!” என்றார் சிஞ்ஞோர் கலோஜெரோ.

அவர் முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. சிஞ்ஞோரா கையைப் பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு, பெரிய சுமையை இறக்கியவர்போல மூச்சுவிட்டார். இருவரும் மேசைக்குப் போனார்கள். கைகூடக் கழுவவில்லை. பாஸ்தாவை அள்ளி அள்ளித் தின்றார்கள். மூன்றாவது கோப்பையில் போட்டிருந்ததையும் எடுத்துக்கொண்டார்கள்.

“சிஞ்ஞோரா, உள்ளே யார்? சிஞ்ஞோரா!”

சிஞ்ஞோரா நிமிர்ந்தார். உதட்டில் எண்ணெய். கண்கள் கலங்கியிருந்தன. எழும்பி வந்து அகஸ்ரீனாவின் தோளில் கைவைத்து, நோயாளியை நடத்துவதுபோல மிக மென்மையாக, அவளைக் குசினிக்குள் நடத்திக்கொண்டு வந்து விட்டார்.

“எங்களால் முடியவில்லை” என்றார் காதோடு. “அவளுக்கு நாங்கள் போதவில்லை. நீ வரச் சொன்னாயாம்.”

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாவி திரும்பியது.

அகஸ்ரீனா கதவில் அறைந்தாள். கத்தினாள். மறுபக்கத்தில் முள்ளுக்கரண்டிகள் கோப்பையில் சுரண்டின. யாரோ வானொலியைப் போட்டார்கள். சத்தமாக.

பின்னால் அவளுடைய அறை திறந்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை. குசினி வெளிச்சம் கட்டிலின் பாதிவரை விழுந்தது.

இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது.

ஒருமுறை. ஆள் உட்காரும்போது வருவது.

மீண்டும். ஆள் சரியும்போது வருவது.

சுவர்ப் பக்கம் மெத்தை தாழ்ந்தது. தலையணையின் அந்தப் பாதி அமுங்கியது. போர்வையின் இந்தப் பக்கத்து நுனி தானாக மடிந்து, அவள் படுக்கும் அளவுக்கு விலகியது.

அகஸ்ரீனா முதுகைக் கதவோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெறும் விரிப்பில், அவளுக்கென்று விட்ட இடத்தில், ஒரு குழி விழுந்தது. எழும்பியது. விழுந்தது. உள்ளங்கை அகலம். மெதுவாக, பொறுமையாக, அந்த இடத்தைத் தட்டிக் காட்டியபடி.